“ரிஸ்க் வேண்டாம்” என்கிறார் டாக்டர். யாருக்கு ரிஸ்க்?

கேள்வி இதுதான்: அக்காவுக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை சிசேரியன். முப்பத்தாறாவது வாரத்திலேயே மருத்துவர் “ரிஸ்க் எடுக்க வேண்டாம், தேதி குறிச்சிடலாம்” என்றாராம். கேஸ் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில்தான் மருத்துவர்கள் கத்தியை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அது உண்மையா, இல்லை பணத்துக்குச் சொல்லும் சாக்கா?

இரண்டும் உண்டு. ஆனால் பயம் என்பது நீங்கள் நினைக்கிற வடிவத்தில் இருப்பதில்லை. லேபர் ரூமில் நிற்கும்போது எந்த மருத்துவரும் நீதிபதியின் முகத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. இருபத்து மூன்று வருடமாகப் பிரசவம் பார்க்கிறேன். முதல் பதினொரு வருடம் அரசுப் பணி, அப்புறம் ஒரு நடுத்தர ஊரில் சின்ன மருத்துவமனை. என் மேல் இதுவரை வழக்கு எதுவும் இல்லை. ஒரே ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எண்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூறு பிரசவத்தில் 21.5 சிசேரியன். தமிழ்நாட்டில் 44.9. அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண் 34.1. தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8, அரசு மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 36. தனியாரைத் திட்டுகிறவர்கள் எல்லோரும் அந்த 63.8-ஐச் சொல்வார்கள். நான் யோசிப்பது அந்த 36-ஐப் பற்றி. நாடு முழுக்க அரசு மருத்துவமனைகளின் சராசரி 14.3தான். சிசேரியன் செய்தால் அரசு மருத்துவரின் சம்பளம் கூடுவதில்லை, தூக்கம்தான் போகிறது. அப்படியிருந்தும் இங்கே மூன்றில் ஒன்றுக்கு மேல் ஏன்? தாமதமாகத் திருமணம், சர்க்கரை, ரத்த அழுத்தம், ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்கள் திரும்பி வருவது என்று மருத்துவக் காரணங்கள் நிறைய உண்டு. அவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒரு மிச்சம் இருக்கிறது. பணத்தால் அதை விளக்க முடியாது.

அந்த மிச்சம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சாயங்காலத்தைச் சொல்கிறேன். மணி எட்டரை. முதல் பிரசவம், இருபத்தைந்து வயதுப் பெண். காலையிலிருந்து வலி. கர்ப்பப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்திருக்கிறது. குழந்தையின் இதயத்துடிப்பை ஓடும் தாளில் வரையும் சி.டி.ஜி. கருவியில் எல்லாம் சரி, ஏழேகாலுக்கு ஒரு சின்ன இறக்கம் மட்டும், அதுவும் தானாக ஏறிவிட்டது. பக்கத்துத் தியேட்டரில் வேறொரு ஆபரேஷன் முடிந்து மயக்க மருத்துவர் தலைக்குல்லாவைக் கழற்றிக்கொண்டே வாசலில் நின்று கேட்கிறார்: “மேடம், நான் கிளம்பட்டுமா?”

அவர் இருப்பது இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி. இப்போது போனால், ராத்திரி இரண்டு மணிக்கு அழைத்தால் எழுந்து வண்டியெடுத்து வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். அவசர சிசேரியன் என்று முடிவெடுத்தால் முப்பது நிமிடத்துக்குள் குழந்தை வெளியே வந்திருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்கப் புழங்கும் அளவுகோல். வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்: எத்தனை மணிக்கு முடிவெடுத்தீர்கள், எத்தனை மணிக்குக் குழந்தை பிறந்தது? இடையில் இருக்கும் அந்த முக்கால் மணி நேரத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இன்னும் நாலைந்து மணி நேரம் விட்டால் அந்தப் பெண் தானாகப் பெற்றுவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த வாய்ப்பின் பொறுப்பு முழுக்க என் தலையில். “இருங்க சார், ஒரு டீ சாப்பிடுங்க” என்றேன். ஒன்பதேகாலுக்குக் குழந்தை பிறந்தது, சிசேரியனில். கேஸ் ஷீட்டில் “பிரசவம் முன்னேறவில்லை” என்று எழுதினேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

இதைப் பயம் என்பதா, வசதி என்பதா, எச்சரிக்கை என்பதா? மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வருகிறது. அதனால்தான் மருத்துவர்களுக்கே தங்கள் பயத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அது மருத்துவர்களுக்குப் பொருந்துமா என்பது தெளிவாக இல்லை. 1995 நவம்பரில் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி.சாந்தா வழக்கில், காசு வாங்கிச் செய்யும் சிகிச்சையும் ‘சேவை’தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்கள் மட்டும் அதற்கு வெளியே. அன்றிலிருந்துதான் ‘கன்ஸ்யூமர் கோர்ட்’ என்ற வார்த்தை மருத்துவமனை வராண்டாவுக்குள் வந்தது. அதே நேரம், மருத்துவரைக் காப்பாற்றும் தீர்ப்புகளும் உண்டு. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், சாதாரணத் தவறுக்கெல்லாம் கிரிமினல் வழக்குப் போடக் கூடாது, மிக மோசமான அலட்சியமாக இருக்க வேண்டும், வேறொரு மருத்துவரின் நடுநிலையான கருத்து வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. திறமையுள்ள இன்னொரு மருத்துவர் அதே இடத்தில் அதைச் செய்திருப்பார் என்றால் அது அலட்சியம் ஆகாது என்பதும் நம் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட அளவுகோல்தான். ஆக, தாளில் படித்தால் சட்டம் மருத்துவருக்கு ரொம்பக் கொடூரமாக இல்லை.

சிக்கல் சட்டத்தின் கடுமையில் இல்லை. அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. “ஏன் சிசேரியன் செய்யவில்லை”, “ஏன் தாமதமாகச் செய்தீர்கள்” என்று கேட்டு வரும் வழக்குகள் நிறைய. “ஏன் தேவையில்லாமல் செய்தீர்கள்” என்று கேட்டு வரும் வழக்கு அபூர்வத்திலும் அபூர்வம். இழப்பீடு கணக்கிடுகிற முறையைப் பார்த்தால் காரணம் புரியும். தாயும் சேயும் நலமாக வீட்டுக்குப் போய்விட்டால், வயிற்றில் ஒரு தழும்பு தவிர எந்த இழப்பையும் நீதிமன்றத்தில் காட்ட முடியாது. பாதிக்கப்பட்ட குழந்தை உயிரோடு இருந்தால் அதன் ஆயுள் முழுக்க ஆகும் செலவு கணக்கில் வருகிறது.

சிசேரியன் வழக்கு இல்லை என்றாலும் நம் ஊர் உதாரணம் ஒன்று. 1996-ல் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு, குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் பாதிப்பைச் சரியான நேரத்தில் பரிசோதிக்காமல் விட்டுவிட்டார்கள். பார்வை போய்விட்டது. 2015-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த இழப்பீடு சுமார் 1.8 கோடி ரூபாய், அதுவரை ஆன செலவு, இனி ஆகப்போகும் செலவு, விலைவாசி எல்லாம் சேர்த்து. அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் குழந்தை பிறந்து பத்தொன்பது வருடம் கழித்து முடிந்த அந்த வழக்கும், அந்தத் தொகையும் குழந்தை சம்பந்தப்பட்ட எந்த மருத்துவரின் மனதிலும் பதிந்துவிடும்.

சிசேரியனால் வரும் கெடுதல் எங்கே இருக்கிறது? அடுத்த கர்ப்பத்தில், அதற்கடுத்த கர்ப்பத்தில். பழைய தழும்பின் மேல் நஞ்சுக்கொடி வந்து ஒட்டி, கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே வேர் விட்டுவிடும் நிலை ஒன்று உண்டு. பிரிக்கப் போனால் குழாய் திறந்த மாதிரி ரத்தம் கொட்டும், பல நேரம் கர்ப்பப்பையையே எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். 2006-ல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை அடைத்திருந்த பெண்களில் முதல் சிசேரியனின்போது 3 சதவீதம் பேருக்கு இப்படி இருந்தது. இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40. முதல் சிசேரியனைத் தேவையில்லாமல் செய்த மருத்துவருக்கு இந்தக் கணக்கில் எந்தப் பங்கும் வராது. நடப்பது ஐந்தாறு வருடம் கழித்து, வேறு ஊரில், வேறு கையில். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம்தான் கெடு. நாங்கள் மருத்துவப் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டிய காலம் மூன்று வருடம். அந்தப் பெண்ணுக்கு ரத்தம் கொட்டும் நாளில் முதல் கேஸ் ஷீட் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. சிசேரியனுக்கு ஒப்புதல் படிவம் உண்டு. கணவர், மாமியார், அம்மா என்று மூன்று கையெழுத்து வாங்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன் (அந்தப் பெண்ணின் கையெழுத்துதான் சட்டப்படி முக்கியம், அதை வாங்க மறந்துவிடுவார்கள்). நார்மல் பிரசவத்துக்கு யாரும் படிவம் நீட்டுவதில்லை. அதன் ஆபத்துகளை முன்கூட்டியே உட்கார்ந்து விளக்கும் பழக்கமும் குறைவு. ஆகவே சிசேரியனில் ஏதாவது ஆனால் “சொல்லித்தானே செய்தோம்” என்று ஒரு தாள் இருக்கிறது. நார்மலில் ஏதாவது ஆனால் கையில் ஒன்றுமில்லை.

அந்த நோட்டீஸ் இப்படித்தான் வந்தது. குழந்தையின் தலை வெளியே வந்து, தோள் தாயின் இடுப்பெலும்புக்கடியில் சிக்கிக்கொண்டது. எங்களுக்கு அது கெட்ட கனவு, எண்ணி நாலைந்து நிமிடம்தான் கையில் இருக்கும். கால்களை மடக்கி, அடிவயிற்றை அழுத்தி, கையை உள்ளே விட்டுக் குழந்தையின் கையை வெளியே எடுத்தேன். அழுதது. வலது கை மட்டும் தொங்கியது. நரம்பு இழுபட்டதால் வரும் பலவீனம். பிசியோதெரபி செய்து நாலு மாதத்தில் சரியாகிவிட்டது. அதற்கு முன்பே, இரண்டாவது மாதத்தில், நோட்டீஸ் வந்தது. அதில் ஒரே கேள்விதான்: “குழந்தை பெரியது என்று தெரிந்தும் ஏன் சிசேரியன் செய்யவில்லை?” 3.6 கிலோ. அப்படியொன்றும் பெரிய குழந்தை இல்லை, அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரையும் இல்லை. குழந்தையின் கை சரியானதும் அவர்களே விட்டுவிட்டார்கள். பிறகு ஒருநாள் தடுப்பூசிக்கு வந்தபோது அந்தப் பாட்டி என்னிடம், “சொந்தக்காரர் ஒருத்தர் சொன்னாருங்க டாக்டரம்மா, மனசுல வெச்சுக்காதீங்க” என்றார்.

மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். அந்த வருடக் கடைசியில் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தபோது நோட்டீஸ் வந்த அடுத்த ஆறு மாதம் என் சிசேரியன் எண்ணிக்கை ஏறியிருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதியிருக்கிறேன். தண்ணீர் கம்மி, தலை இறங்கவில்லை, குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது, ஸ்கேனில் எடை கூடக் காட்டியது. எதுவும் இட்டுக்கட்டியது இல்லை. ஒரு வருடம் முன்பு இதே காரணங்களோடு இன்னும் இரண்டு மணி நேரம் காத்திருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதே தோள் சிக்கல் பிரிட்டனின் சட்டத்தையே மாற்றியது. சர்க்கரை இருந்த ஒரு தாய்க்கு இப்படிச் சிக்கிக்கொள்ள ஒன்பது, பத்து சதவீத வாய்ப்பு இருந்தும், சொன்னால் சிசேரியன் கேட்டுவிடுவார் என்று மருத்துவர் சொல்லாமல் விட்டார். குழந்தைக்கு மூளைப் பாதிப்பு. 2015-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், எது முக்கியமான ஆபத்து என்பதை மருத்துவர் தன் பார்வையில் முடிவு செய்யக் கூடாது, அந்தத் தாயின் இடத்தில் இருக்கும் ஒருவர் எதைத் தெரிந்துகொள்ள விரும்புவார் என்று பார்க்க வேண்டும் என்றது. மாண்ட்கோமரி வழக்கு என்று மருத்துவக் கல்லூரிகளில் பேசப்படுவது அது. மருத்துவர்கள் அந்தத் தீர்ப்பைப் பார்த்துப் பயந்தது எனக்குத் தெரியும். என் கருத்தில் அது பயத்தைக் குறைக்க வேண்டிய தீர்ப்பு. உட்கார்ந்து பேசு, பேசியதை எழுது என்றுதான் அது சொல்கிறது.

அடுத்து அந்த சி.டி.ஜி. தாள். பயம் எப்படி ஒரு பொருளாகவே மாறிவிடும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அமெரிக்காவில் எழுபதுகளில் இந்தக் கருவி எல்லா லேபர் ரூமுக்கும் பரவியது. குழந்தைக்கு மூச்சுத் திணறுவதை முன்பே கண்டுபிடித்துவிட்டால் மூளை முடக்குவாதமே இருக்காது என்று நம்பினார்கள். 1970-ல் அங்கே 5.5 சதவீதமாக இருந்த சிசேரியன் 2009-ல் 32.9 ஆனது. மூளை முடக்குவாதமோ ஆயிரம் குழந்தைக்கு இரண்டு என்ற அளவிலிருந்து பெரிதாக அசையவில்லை. 1996-ல் கேரன் நெல்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒரு கணக்கு வெளியிட்டார்கள்: தாளில் மோசமான குறிகள் தெரிந்த, எடை சரியாக இருந்த குழந்தைகளில் மூளை முடக்குவாதம் வந்தது 0.19 சதவீதத்துக்கு மட்டும். தொடர்ந்து கருவி மாட்டிவைப்பதையும், நர்ஸ் அவ்வப்போது காது வைத்துத் துடிப்பை எண்ணுவதையும் ஒப்பிட்ட, காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வும் இதையே சொல்கிறது. கருவி மாட்டினால் பிறந்த குழந்தைக்கு வரும் வலிப்பு பாதியாகக் குறைகிறது, அது உண்மையான நன்மை. இறப்பிலோ மூளை முடக்குவாதத்திலோ வித்தியாசம் இல்லை. சிசேரியன் மட்டும் கூடுகிறது.

ஆனால் தாள் அழியாது. 1985-ல் வட கரோலினாவில் ஒரு வழக்கறிஞர் இப்படியொரு தாளை ஜூரிகளுக்கு முன்னால் விரித்து, வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையே பேசுவது போல மணிக்கு மணி வாசித்துக் காட்டினார். 65 லட்சம் டாலர் தீர்ப்பு. அவர்தான் பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஜான் எட்வர்ட்ஸ். குழந்தைக்கு என்ன ஆனது என்று தெரிந்த பிறகு அந்தத் தாளைப் பார்த்தால் எல்லா இறக்கமும் எச்சரிக்கையாகத்தான் தெரியும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, என்ன ஆகப்போகிறது என்று தெரியாமல் அதைப் பார்க்கும்போது அது வெறும் கோடு. எங்களுக்கு இது தெரியும். தெரிந்தும், நர்ஸ் காது வைத்துக் கேட்க வேண்டுமென்றால் ஒரு பெண்ணுக்கு ஒரு நர்ஸ் வேண்டும், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, கடைசிக் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. எந்த லேபர் ரூமில் அத்தனை ஆள் இருக்கிறார்கள்? ஆகவே கருவியை மாட்டுகிறோம். கருவி கோடு போடுகிறது. கோட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரசு மருத்துவரின் பயம் வேறு மாதிரி. நான் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருந்த காலத்தில் கன்ஸ்யூமர் கோர்ட்டை யாரும் பேசியதில்லை. பேசியது இரண்டைப் பற்றி. ஒன்று, ஒரு தாய் இறந்தால் நடக்கும் ஆய்வுக் கூட்டம். தமிழ்நாட்டில் பிரசவ மரணங்களை மாவட்ட ஆட்சியர் வரை உட்கார்ந்து ஆய்வு செய்வார்கள். தாய் இறப்பு குறைந்ததில் அந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் எழுந்து நிற்கும் டியூட்டி டாக்டரிடம் கேட்பதும் “ஏன் முன்னாலேயே எடுக்கவில்லை” என்பதுதான். இரண்டாவது, 17(பி). அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் வரும் அந்தப் பிரிவில் மெமோ வந்தால் விசாரணை முடியும்வரை பதவி உயர்வு நிற்கும். தீர்ப்பைவிட அந்த ‘முடியும்வரை’தான் தண்டனை.

மூன்றாவது பயம், நேரடியானது. போர்ட்டிகோவில் கூடும் கூட்டம். 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்தார். மருத்துவமனைக்கு முன் போராட்டம். போலீஸ், அந்தப் பெண் மகப்பேறு மருத்துவர் மேல் கொலை வழக்கே பதிவு செய்தது. ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு வந்து பதினேழு வருடம் ஆகியும். மறுநாள் அவர் தற்கொலை செய்துகொண்டார். அன்று எங்கள் மருத்துவர்கள் வாட்ஸ்அப் குழுவில் வெகு நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் பொதுவாக ஐந்து வருடம் வரை சிறை, பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டு வருடம் வரை என்று இருக்கிறது. சலுகை என்று சொன்னார்கள். பழைய சட்டத்திலும் அதே இரண்டு வருடம்தான்.

இந்தப் பயம் நியாயமானதா, சிசேரியன் செய்தால் நிஜமாகவே வழக்கு குறைகிறதா? ஃப்ளோரிடாவில் எடுத்த ஓர் ஆய்வு 2015-ல் வந்தது. மிகக் குறைவாகச் சிசேரியன் செய்யும் மகப்பேறு மருத்துவர்களில் 5.7 சதவீதம் பேர் அடுத்து வழக்கைச் சந்தித்தார்கள், மிக அதிகமாகச் செய்பவர்களில் 2.7 சதவீதம் பேர். பாதிக்கும் குறைவு. தனிப்பட்ட மருத்துவருக்கு அந்தப் பயம் முட்டாள்தனம் இல்லை என்று இதிலிருந்து வாதாடலாம்.

ஆனால் இன்னொரு ஆய்வு இருக்கிறது, எங்கள் ஆட்கள் அதைப் பேச மாட்டார்கள். அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் பணியில் இருக்கும் வீராங்கனைகளுக்குச் சிகிச்சையில் தவறு நடந்தால் அவர்கள் வழக்குப் போட முடியாத நிலை இருந்தது. அதே மருத்துவமனையில் வீரரின் மனைவி போடலாம். வழக்குப் பயமே இல்லாவிட்டால் மருத்துவர் என்ன செய்வார் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? ஃப்ரேக்ஸ், க்ரூபர் என்ற இரு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். சிசேரியன் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? கூடுவதற்கான அறிகுறிதான் கிடைத்தது. யோசித்தால் புரிகிறது. சிசேரியனும் ஆபரேஷன்தான், அதிலும் தவறு நடக்கும், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். கேட்க யாரும் இல்லை என்றால் வேலை சீக்கிரம் முடியும் வழி எதுவோ அந்தப் பக்கம் கை போகும்.

அதனால் “சட்டத்தை எடுத்துவிட்டால் சிசேரியன் குறையும்” என்று மேடையில் பேசும் சக மருத்துவர்களை நான் நம்புவதில்லை. பணத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். சிசேரியனுக்குக் கட்டணம் அதிகம், நேரம் குறைவு, ராத்திரி வீட்டில் தூங்கலாம், நல்ல நாள் நட்சத்திரம் பார்த்து வருகிறவர்களும் சந்தோஷமாகப் போவார்கள். இத்தனை இருக்கும்போது கேஸ் பயம் ஒரு நல்ல குடை. அதற்கடியில் எல்லாமே ஒதுங்கிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுக்கப்படும் சிசேரியன்களில் எத்தனை, சட்டத்துக்குப் பயந்து எடுத்தவை என்று என்னிடம் சத்தியம் வாங்காதீர்கள்.

பயத்தால் வந்த நீண்டகால நஷ்டம் வேறு, அது கைத்திறன். 2000-ல் வந்த ஒரு பெரிய சர்வதேச ஆய்வு, புட்டம் முன்னால் வரும் குழந்தைகளுக்குத் திட்டமிட்ட சிசேரியன்தான் பாதுகாப்பு என்றது. பல நாடுகளில் வெகு சீக்கிரம் பழக்கம் மாறிவிட்டது. இரண்டு வருடம் கழித்து அந்தக் குழந்தைகளையே தொடர்ந்து பார்த்தபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அதற்குள் காலம் போய்விட்டது. நான் படித்தபோது எங்கள் வார்டு சிஸ்டர் ஒருவர் புட்டம் முன்வரும் குழந்தையை இழுக்காமல், தொடாமல், “கையைக் கட்டிட்டு நில்லுங்கம்மா, அதுவே வரும்” என்று சொல்லிப் பெற வைப்பார். இன்று முதுநிலை முடித்து வரும் பிள்ளைகள் அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர்கள் கையில் சிசேரியன்தான் நிஜமாகவே பாதுகாப்பு. பயத்தில் ஆரம்பித்தது இப்போது மருத்துவக் காரணமாகவே ஆகிவிட்டது.

உங்கள் அக்கா விஷயமும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரு முறை சிசேரியன் ஆனவர்கள் அடுத்த முறை நார்மலுக்கு முயன்றால் நூறில் அறுபதிலிருந்து எண்பது பேர் வரை வெற்றி பெறுகிறார்கள். பழைய தழும்பு பிரியும் ஆபத்து இருநூறில் ஒன்று அளவுக்கு. 1996-ல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட பெண்களில் 28 சதவீதம் பேர் நார்மலாகப் பெற்றார்கள். தழும்பு பிரிந்து வழக்குகள் வந்தன. 1999-ல் அந்நாட்டு மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி, அவசர சிசேரியன் செய்யும் குழு ‘உடனடியாக’ அங்கேயே இருக்க வேண்டும் என்று விதியில் ஒரு வார்த்தையை மாற்றியது. சின்ன மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. பத்து வருடத்தில் அந்த 28, எட்டரை ஆனது. ஒரே ஒரு வார்த்தைதான்.

உங்கள் அக்காவின் மருத்துவர் சொன்ன ரிஸ்க்கில் அந்த இருநூறில் ஒன்று நிஜம், அதைச் சின்னது என்று ஒதுக்காதீர்கள். தழும்பு பிரிந்தால் நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். முதல் சிசேரியனில் எப்படி வெட்டினார்கள், எதற்காகச் செய்தார்கள், அதற்கும் இந்தக் கர்ப்பத்துக்கும் இடையே ஒன்றரை வருடமாவது இருக்கிறதா என்பதைப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப்போய்க் கேளுங்கள். முதல் முறை “கொடி சுற்றியிருந்தது” என்று மட்டும் எழுதியிருந்தால், அது நாலைந்து குழந்தையில் ஒன்றுக்கு இருப்பதுதான், இந்த முறைக்கு அது தடையே இல்லை. உங்களுக்கு முயற்சி செய்ய விருப்பம் இருந்தால் அதை வாயால் மட்டும் சொல்லாமல் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள், ஆபத்தை விளக்கிச் சொன்னார், புரிந்துகொண்டு கேட்கிறோம் என்று. அக்காவே கையெழுத்துப் போடட்டும். அந்த நாலு வரி எங்கள் தோளிலிருந்து எவ்வளவு இறக்கிவைக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தவறு செய்தால் அது எங்களைக் காப்பாற்றாது, காப்பாற்றவும் கூடாது. ஆனால் ‘சொல்லவே இல்லை’ என்ற கேள்விக்கு அது பதில்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி, சண்டை போடுகிற குரலில் இல்லாமல் கேளுங்கள்: “மேடம், ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா மயக்க டாக்டர் எத்தனை நிமிஷத்துல வருவார்?” இங்கேயே ஆள் இருக்கிறார் என்றால் மேற்கொண்டு பேசலாம். “உடனே வந்துடுவார்” என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றினால் யோசியுங்கள். “முக்கால் மணி நேரம் ஆகும்மா, அதனாலதான் பயப்படறேன்” என்று சொன்னால் அவர் நல்ல மருத்துவர். அவரிடமே ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, இருபத்து நாலு மணி நேரமும் மயக்க மருத்துவரும் ரத்த வங்கியும் உள்ளேயே இருக்கும் இடத்துக்கு, பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருந்தாலும் சரி, முப்பத்தேழாவது வாரத்துக்குள் போய்ப் பதிந்துவிடுங்கள்.